பூனையின் கால் நழுவினால் காத்திருக்க வேண்டாம்: முதல் மூன்று நாளே முக்கியம்

கேரி தீவு - செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பது புதிதல்ல. எலிக்காக வீட்டுக்குள் விட்ட பூனை, சில மாதங்களில் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றாகிவிடும். அதே குடியிருப்பை ஒட்டிய சாலையில்தான் பழக்குலை ஏற்றிய லோரியும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. இரவில் வெளியே போன பூனை, விடிந்ததும் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாண்டித் தாண்டி வருவதைப் பார்த்தவர்கள் தோட்டத்திலும் உண்டு, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் உண்டு.

அப்போது நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்கும் பதில் ஒன்றுதான்: "சுளுக்கா இருக்கும், ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்."

சில நேரம் அது சுளுக்காகவே இருக்கலாம். ஆனால் மூட்டே இடம் விட்டு நழுவியிருந்தால், அந்தக் காத்திருப்புதான் பூனைக்கும் வீட்டுக்காரரின் பணப்பைக்கும் பெரிய செலவாக முடிகிறது. நழுவிய மூட்டை அறுவை இல்லாமலே உள்ளே தள்ளி வைக்கும் வாய்ப்பு முதல் இரண்டு, மூன்று நாளில்தான் அதிகம். நாள் கடந்தால் கத்தி வைக்க வேண்டி வரும்.

பந்தும் கிண்ணமும்

பூனைக்கு அதிகம் நழுவுவது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் மேல் முனை ஒரு சிறு பந்து போல உருண்டிருக்கும். இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் போன்ற குழி இருக்கும். பந்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்து சுழல்வதால்தான் பூனை ஓடுகிறது, தாவுகிறது, மதில் ஏறுகிறது.

பந்தைக் குழிக்குள் பிடித்து வைத்திருப்பவை மூன்று. உள்ளே பந்தையும் குழியையும் இணைக்கும் ஒரு குட்டையான நார். வெளியே மூட்டைச் சுற்றி உறை போட்டது போல ஒரு சவ்வு. அதற்கும் மேலே வலுவான தசைகள். வாகனம் மோதும்போதோ உயரத்திலிருந்து விழும்போதோ அந்த நார் அறுந்து, சவ்வும் கிழிந்துவிடுகிறது. பிறகு தசைகளே எதிரியாகின்றன. அவை இழுத்த இழுப்பில் பந்து குழியை விட்டு மேலும் முன்னும் ஏறிக்கொள்கிறது.

அதனால்தான் நழுவிய கால் மற்ற காலைவிடக் குட்டையாகத் தெரியும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், கால் உடலை ஒட்டி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பூனை அந்தக் காலைத் தரையில் ஊன்றாது, அல்லது விரல் நுனியை மட்டும் தொட்டு எடுக்கும்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். பந்து வெளியே கிடக்கும்போது காலியான குழிக்குள் இரத்தக்கட்டும் கிழிந்த சவ்வும் நிரம்பி, பிறகு தழும்புச் சதையாக இறுகுகின்றன. தசைகள் சுருங்கி அந்த நிலையிலேயே விறைத்துக்கொள்கின்றன. பந்தின் மேலிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு, மூட்டு நீரிலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. அந்த நீரை இழந்து, பக்கத்து எலும்பில் உரசி உரசி அது தேய்கிறது. பூனை நடக்க முயலும் ஒவ்வொரு தடவையும் சேதம் கொஞ்சம் கூடுகிறது. ஒரு வாரம் கழித்துத் தூக்கிக்கொண்டு போனால், குழியில் இடமும் இருக்காது, பந்தும் பழைய பந்தாக இருக்காது.

முனகாத நோயாளி

"கத்தவே இல்லையே, வலி இருந்தால் கத்தாதா?" என்று கேட்கலாம். பூனை வலியை மறைக்கும் பிராணி. கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிக்கொள்ளும். சாப்பாட்டை ஒதுக்கும், தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிடும், தொட்டால் சீறும். வலியில் இருக்கும்போதுகூடச் சில பூனைகள் 'குர்குர்' என்று ஒலி எழுப்பும். அதை வைத்து நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் செய்யக் கூடாத மூன்று

முதலாவது, சுளுக்கு வழிப்பது. மனிதருக்குச் சுளுக்கு எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தைப் பூனையிடம் காட்ட வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் நழுவிய மூட்டும் முறிந்த எலும்பும் ஒன்று போலவே தெரியும். அதிலும் வளரும் இளம் பூனைகளுக்குத் தொடை எலும்பின் பந்து, வளர்ச்சித் தட்டு இருக்கும் இடத்திலேயே உடைந்து விலகுவதுண்டு. அதை இழுத்தால் சேதம் இரட்டிப்பாகும். வலி தாளாமல் பூனை கடிக்கவும் செய்யும். பூனைக்கடி ஆழமாக இறங்கி எளிதில் சீழ் பிடிக்கும் என்பதால், கடிபட்டவரும் கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தைலம் பூசுவது. நாம் மூட்டு வலிக்குத் தேய்க்கும் பல தைலங்களில் சாலிசிலேட், கற்பூரம் போன்றவை உள்ளன. பூனை உடம்பில் பட்ட எதையும் நக்கிவிடும். இவை அதன் உடலுக்கு நஞ்சு.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது: பனடோல் கொடுப்பது. "பிள்ளைக்குக் கொடுப்பதில் பாதிதானே" என்று நினைத்துக் கொடுத்துவிட வேண்டாம். பனடோலில் உள்ள பாராசிட்டமோலைப் பிரித்து வெளியேற்றப் போதுமான நொதி பூனையின் கல்லீரலில் இல்லை. மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிட முடியும். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. பூனைக்கென்று வலி மருந்து உண்டு. அதன் எடையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். தெரியாமல் பனடோல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்ற முடியும்.

செய்ய வேண்டியது எளிது. பூனையைத் துண்டில் சுற்றி, அடியில் தட்டையாகத் துணி விரித்த பெட்டியிலோ மூடியுள்ள துணிக்கூடையிலோ வையுங்கள். காலில் குச்சி வைத்துக் கட்ட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் டாக்டர் பார்க்கும்வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, அது காலைவிட அவசரமான விஷயம். அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

வாகனம் மோதிய பூனைக்கு டாக்டர் முதலில் காலைப் பார்க்க மாட்டார். நுரையீரலைச் சுற்றிக் காற்றோ இரத்தமோ தேங்கியிருக்கிறதா, உதரவிதானம் கிழிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பை உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இவற்றில் ஒன்று இருந்தாலும் மயக்க மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஒரு நாள் வைத்திருந்து உடலைத் தேற்றிய பிறகே காலைத் தொடலாம். அந்த ஒரு நாளும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். வீட்டில் சும்மா காத்திருப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

பிறகு எக்ஸ்ரே. ஒரு கோணத்தில் மட்டும் எடுத்தால் பந்து மேலே போயிருக்கிறதா கீழே போயிருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாது என்பதால் இரண்டு கோணங்களில் எடுப்பார்கள். குழியின் விளிம்பு உடைந்திருக்கிறதா, பந்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியும். எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்வது இந்தப் படம்தான்.

அறுவை இல்லாத வழி

எலும்பு உடையாமல், சம்பவம் நடந்து சில நாளே ஆகியிருந்தால், முதலில் இதைத்தான் முயல்வார்கள். பூனையை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, தசைகள் தளர்ந்ததும் காலை உரிய கோணத்தில் இழுத்துத் திருப்பி, பந்தைக் குழிக்குள் நழுவ விடுவார்கள். பிறகு மூட்டை அழுத்தியபடி பல தடவை அசைப்பார்கள். குழிக்குள் இருக்கும் இரத்தக்கட்டை வெளியேற்றுவதற்காக அது. மறுபடி எக்ஸ்ரே எடுத்து, பந்து உட்கார்ந்திருப்பதை உறுதி செய்வார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. இப்படி உள்ளே தள்ளிய இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய பாதி மறுபடி நழுவிவிடுகின்றன. நாய்க்குப் போடுவது போலக் காலை மடக்கித் தொங்கவிடும் கட்டைப் பல பூனைகள் பொறுத்துக்கொள்ளாமல் உருவிவிடும். மறுபடி நழுவினால் டாக்டரின் தவறு என்று சண்டைக்குப் போக வேண்டாம். அறுந்த நாரும் கிழிந்த சவ்வும் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன.

அறுவைச் சிகிச்சை: இரண்டு பாதைகள்

மூட்டு மறுபடி நழுவினாலோ, எலும்புச் சில்லு பெயர்ந்திருந்தாலோ, நாள் கடந்துவிட்டாலோ அறுவைதான் வழி. அதில் இரண்டு பாதைகள் உள்ளன.

முதல் பாதை, மூட்டைக் காப்பாற்றுவது. மூட்டைத் திறந்து, குழியைச் சுத்தம் செய்து, பந்தை உள்ளே வைத்து, கிழிந்த சவ்வைத் தைப்பார்கள். சவ்வு தைக்கும் நிலையில் இல்லை என்றால், அறுந்த நாருக்குப் பதில் செயற்கை நார் போடுவார்கள். தொடை எலும்பின் கழுத்து வழியாகவும் குழியின் நடுவிலும் மெல்லிய துளை போட்டு, வலுவான இழையைக் கோத்து, குழிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு குறுக்குக் கம்பியால் அதைத் தாங்க வைப்பார்கள். சட்டைப் பொத்தான் துளைக்குள் போய்க் குறுக்காக நின்றுகொள்வது போல. 1953-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இந்த முறை, பொருள்கள் மாறினாலும் இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. அந்த இழை ஆயுளுக்கும் தாங்க வேண்டியதில்லை. சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து புதிய உறையாகும் வரை, சில வாரங்கள் தாங்கினால் போதும்.

இரண்டாம் பாதையைக் கேட்டதும் பலர் அதிர்ந்துபோவார்கள்: பந்தையே வெட்டி எடுத்துவிடுவது. தொடை எலும்பின் பந்தையும் கழுத்தையும் அகற்றிவிட்டால், எலும்போடு எலும்பு உரசுவது நின்று வலி போய்விடுகிறது. அந்த இடத்தில் தசைகளும் தழும்புத் திசுவும் சேர்ந்து ஒரு மெத்தை போல அமைந்து, பொய் மூட்டாக வேலை செய்கின்றன. மனிதருக்கு இப்படிச் செய்தால் நடை பெரிதும் பாதிக்கும். பூனைக்கு எடை குறைவு, தசை வலு அதிகம், பாரத்தை மற்ற மூன்று கால்களும் பகிர்ந்துகொள்கின்றன. கால் ஒரு துளி குட்டையானாலும் பெரும்பாலான பூனைகள் மறுபடி ஓடி, தாவி வாழ்கின்றன.

இது முதல் பாதையைவிடச் செலவு குறைவாக முடிவது வழக்கம். மறுபடி நழுவும் கவலையும் இல்லை. ஆகவே, "பணம் இல்லாததால் இதைச் செய்கிறோமே" என்று யாரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. பந்து தேய்ந்துபோன, உடைந்துபோன மூட்டுக்கு இதுவே மருத்துவ முறையில் சரியான சிகிச்சை. ஆனால் நல்ல மூட்டு ஒன்றை, மூன்று நாள் தாமதத்தால் இழந்து இதற்கு வருவதுதான் தவிர்க்கக்கூடியது.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு அறுவைகளுக்கும் பராமரிப்பு நேர் எதிரானது. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டைக் காப்பாற்றும் அறுவை என்றால் ஓய்வுதான் மருந்து. டாக்டர் சொல்லும் வாரங்கள் முழுவதும், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், பெரிய கூண்டிலோ சாமான் இல்லாத சின்ன அறையிலோ அடைத்து வைக்க வேண்டும். நாற்காலி, ஜன்னல் விளிம்பு என்று எதிலும் தாவ விடக் கூடாது. "பாவம், கத்துகிறதே" என்று ஒரு நாள் திறந்துவிட்டால், அந்த ஒரு தாவலில் இழை அறுந்துபோகலாம்.

பந்தை எடுத்த அறுவை என்றால், தையல் ஆறியதும் நடக்க வைக்க வேண்டும். காலைப் பயன்படுத்தினால்தான் பொய் மூட்டு வளைந்து கொடுக்கும். நடக்காத பூனைக்கு அது விறைத்துவிடும். டாக்டர் காட்டித் தரும் முறையில் தினமும் காலை மெல்ல நீட்டி மடக்க வேண்டும். அதற்கு வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது அவசியம்.

இரண்டுக்கும் பொதுவானவை: தையலை நக்காமல் கழுத்தில் போடும் கூம்புப் பட்டையைக் கழற்றாதீர்கள். மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். தட்டும் சாப்பாடும் தண்ணீரும் படுக்கும் இடத்தின் அருகிலேயே இருக்கட்டும்.

இடுப்பு மட்டுமல்ல

உயரத்திலிருந்து விழுந்த பூனைக்குத் தாடை மூட்டும் நழுவலாம். வாய் கோணலாகத் திறந்தபடி மூடாமல் இருக்கும். இதை மயக்கத்தில் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரி செய்துவிடுவார்கள். கணுக்கால் மூட்டு நழுவினால் பெரும்பாலும் தோலும் நாரும் சேர்ந்தே சிதைந்திருக்கும். வெளியே கம்பிச் சட்டம் பொருத்தியோ மூட்டை நிரந்தரமாக இணைத்தோ சிகிச்சை நடக்கும். வால் சக்கரத்தில் சிக்கி இழுபட்டால், வாலின் அடியில் முதுகெலும்பு விலகி, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு சேதமாகலாம். வால் தொங்கிப்போன பூனை சிறுநீர் கழிக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு தகவல். நியூயார்க் நகரில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக ஐந்தரை மாடி உயரத்திலிருந்து விழுந்தவை அவை. சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. பூனை விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருளல்ல. அந்தப் பூனைகள் மார்பிலும் தாடையிலும் காலிலும் பட்ட காயங்களோடுதான் வந்தன. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை போடுவது அறுவையைவிட மலிவு.

பணமும் தூரமும்

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. எலும்பு அறுவை ஒன்று அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதியையோ, அதற்கு மேலோ விழுங்கிவிடலாம். இதைப் பேசாமல் "உடனே அறுவை செய்யுங்கள்" என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

ஆகவே டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அறுவை இல்லாமல் முயல முடியுமா? மறுபடி நழுவினால் அடுத்த வழி என்ன, அதற்கு எவ்வளவு? பந்தை எடுக்கும் அறுவை என் பூனைக்குப் பொருந்துமா? எக்ஸ்ரே, மயக்க மருந்து, தங்கும் நாள், மருந்து எல்லாம் சேர்த்து மதிப்பீடு என்ன? தவணையில் கட்டலாமா? கையில் இருக்கும் தொகையைச் சொன்னால், அதற்குள் எது முடியும் என்று பேச முடியும். மிக மோசமாகச் சிதைந்த காலுக்கு, காலை எடுத்துவிடுவதும் ஒரு வழிதான். மூன்று காலில் பூனைகள் நன்றாகவே வாழ்கின்றன.

கேரி தீவிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போனால் கால்நடை கிளினிக்குகள் உண்டு. எல்லாக் கிளினிக்கும் எலும்பு அறுவை செய்வதில்லை. எனவே புறப்படும் முன் தொலைபேசியில் "எக்ஸ்ரே இருக்கிறதா, எலும்பு அறுவை செய்கிறீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. சிக்கலான அறுவைகளுக்குச் செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் கால்நடை மருத்துவர்கள் பலர் பயின்ற இடம் அது. பொதுமக்களின் செல்லப் பிராணிகளையும் அங்கே பார்க்கிறார்கள்.

கடமையும் சட்டமும்

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. வளர்க்கும் பிராணியை வலி, காயம், நோயிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமைக் குற்றத்துக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்துக்குப் பயந்து யாரும் பூனை வளர்ப்பதில்லை. ஆனாலும் வலியோடு ஒரு பிராணியை மூலையில் கிடக்க விடுவது வீட்டு விஷயம் மட்டுமல்ல என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விபத்தைக் குறைக்கும் வழிகளும் உண்டு. கருத்தடை செய்த ஆண் பூனை, துணை தேடிச் சாலை கடந்து அலைவது குறைகிறது. மாலை சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்து, இருட்டும் முன் பூனையை உள்ளே அடைப்பது ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு. மழை நாளில் பூனைகள் சூட்டுக்காக வண்டியின் சக்கரத்துக்கு அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் ஒண்டிக்கொள்ளும். வண்டியை எடுக்கும் முன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் உங்கள் பூனை காலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், எண்ணெயையும் மாத்திரையையும் தேடாதீர்கள். பெட்டியைத் தேடுங்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போனால், அது வெறும் சுளுக்கு என்று டாக்டர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் போன செலவு வீண் என்று நினைக்க வேண்டாம். நழுவியிருந்தால், நீங்கள் மிச்சப்படுத்தியது ஒரு மூட்டை.